ஸ்மார்ட் பிளக்: கீசருக்கு சரி, மோட்டாருக்கு வேண்டாம், வாசல் லைட்டுக்கு தாராளமா போடலாம்

கேள்வி இதுதான்: அப்பா அம்மா மதுரைல தனியா இருக்காங்க, பையன் பெங்களூர்ல வேலை பாக்குறார், வீட்டுல கீசர், தண்ணி மோட்டார், வாசல் லைட், செட்டாப் பாக்ஸ், மாடில சார்ஜ் போடுற ஸ்கூட்டர், எல்லாத்துக்கும் ஸ்மார்ட் பிளக் மாட்டி ஃபோன்லயே கன்ட்ரோல் பண்ணலாமான்னு கேக்குறார், 10 ஆம்ப் பிளக்கா 16 ஆம்ப் பிளக்கா, எந்த கம்பெனின்னும் கேக்குறார். கம்பெனி பேரை கடைசியா பாத்துக்கலாம். முதல்ல பாக்க வேண்டியது ரெண்டே விஷயம், அதுல என்னத்த மாட்டப் போறீங்க, கரண்ட் போய் திரும்பி வந்தா அந்தப் பொருள் என்ன ஆகும். ஆப் அழகா இருக்கா, அலெக்ஸாவோட பேசுமா, இதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஸ்மார்ட் பிளக்ங்குறது உள்ள பாத்தா ரொம்ப சாதாரணமான பொருள். ஒரு சின்ன வைஃபை சிப், அதுக்கு கரண்ட் குடுக்குற ஒரு குட்டி பவர் சப்ளை, ஒரு ரிலே. ரிலேன்னா டக்குனு சத்தம் வருமே அதுதான், உள்ள ரெண்டு உலோகப் புள்ளி ஒட்டும், பிரியும். மொத்த லோடும் அந்த ரெண்டு புள்ளி வழியாத்தான் போகுது. பெட்டில 16 ஆம்ப்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் ஹீட்டர், பல்பு மாதிரி நேரா கரண்ட் இழுக்குற லோடுக்கான கணக்கு. மோட்டார், கம்ப்ரசர் மாதிரி பொருள்லாம் ஸ்டார்ட் ஆகுற அந்த ஒரு நொடில ஓடும்போது இழுக்குறத விட அஞ்சு ஆறு மடங்கு இழுக்கும், அப்ப அந்தப் புள்ளில தீப்பொறி விழும், கொஞ்ச நாள்ல ரெண்டும் ஒன்னோட ஒன்னு வெல்டிங் அடிச்ச மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் நீங்க ஆப்ல ஆஃப் அழுத்துனா ஆப் ஆஃப்னு காட்டும், மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். பெங்களூர்ல உக்காந்து ஆஃப் பண்ணிட்டோம்னு நிம்மதியா இருக்குற ஆளுக்கு இதைவிட மோசமான நிலைமை இல்ல.

அதனால மோட்டார் விஷயத்த முதல்லயே சொல்லிடுறேன், வேண்டாம். ஒரு ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது ஆறு ஏழு ஆம்ப் தான் இழுக்கும், 16 ஆம்ப் பிளக் தாராளமா தாங்கும்னு கணக்கு போட்டா தப்பாயிடும், ஸ்டார்ட்டிங்ல முப்பது ஆம்ப்ப தாண்டும். போர்வெல் சப்மெர்சிபிளா இருந்தா ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும், பச்சை பட்டன் அழுத்துனாத்தான் ஓடும், அதுக்கு முன்னாடி ஸ்மார்ட் பிளக் மாட்டுனாலும் ஆஃப் பண்ணத்தான் முடியும், ஆன் பண்ண முடியாது. கீழ சம்ப்புல தண்ணி இல்லாம மோட்டார் ஓடுச்சுன்னா சீல் போயிடும், காயில் போயிடும், ரீவைண்டிங் செலவு தனி. இதுக்குன்னே வாட்டர் லெவல் கன்ட்ரோலர் விக்குது, மேல டேங்க்லயும் கீழ சம்ப்லயும் சென்சார் போட்டு தானா ஆன் ஆகி தானா நின்னுடும், தண்ணி இல்லாம ஓடுனா கட் பண்ற வசதியும் சேந்தே வரும். தோட்டத்து மோட்டார்னா நம்ம விவசாயிங்க ரொம்ப வருஷமா மொபைல் ஸ்டார்ட்டர்ன்னு சிம் கார்டு போட்ட பெட்டிய வச்சு ஒரு கால் பண்ணி மோட்டார ஓட்டிக்கிட்டு இருக்காங்க, அது பேஸ் இருக்கா, தண்ணி இருக்கா, ஓவர்லோடு ஆகுதா எல்லாம் பாத்துத்தான் ஓட்டும். வைஃபைல தான் வேணும்னு இருந்தா எலக்ட்ரீஷியன கூப்ட்டு ஒரு கான்டாக்டரும் (பெரிய லோட ஆன் ஆஃப் பண்ற கனமான சுவிட்ச்) ஓவர்லோடு ரிலேவும் போட்டு, அந்த கான்டாக்டரோட காயில மட்டும் ஸ்மார்ட் பிளக் மூலமா இயக்கலாம், மோட்டார் கரண்ட் பிளக்குக்குள்ள வராது, கான்டாக்டர் அதுக்குன்னே செஞ்ச பொருள், அது தாங்கும். ஆனா தண்ணி இல்லைன்னா நிறுத்துற ஏற்பாடு இல்லாம வெறும் ரிமோட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கீசருக்கு வருவோம், ஏன்னா ஸ்மார்ட் பிளக்கால உண்மையிலயே பலன் கிடைக்கிற இடம் இதுதான். ஸ்டோரேஜ் கீசர் பெரும்பாலும் 2000 வாட், 230 வோல்ட்ல கணக்கு பண்ணா 8.7 ஆம்ப். இன்ஸ்டன்ட் கீசர் 3000 வாட், 13 ஆம்ப். ரெண்டுக்குமே 16 ஆம்ப் பிளக் தான், 10 ஆம்ப் பிளக்க நினைச்சுக்கூட பாக்காதீங்க. 2000 வாட் தானே, 10 ஆம்ப்புக்குள்ள தானே வருதுன்னு சில பேர் மாட்டுறாங்க, முதல்ல அந்த பிளக்கோட பின்னு சின்ன சாக்கெட்டுக்கானது, கீசரோட பெரிய பின்ன அதுல மாட்ட ஒரு கன்வெர்ட்டர் வேணும், அந்த சின்ன சாக்கெட்டுக்கு சுவத்துக்குள்ள வர்ற வயரும் சின்னது. பெரிய பின்ன சின்ன சாக்கெட்டுக்கு மாத்துற அந்த கன்வெர்ட்டர் எந்த வீட்லயும் ஹீட்டருக்கு இருக்கவே கூடாது.

15 லிட்டர் தண்ணிய 25 டிகிரில இருந்து 60 டிகிரிக்கு கொண்டுவர சுமாரா 0.6 யூனிட் வேணும், 2000 வாட் கீசருக்கு அது பதினெட்டு இருபது நிமிஷ வேலை. அப்பா காலைல 5.30க்கு குளிப்பார்னா 5.05க்கு ஆன், 5.40க்கு ஆஃப்னு ஷெட்யூல் போட்டா போதும். நிறைய வீட்ல என்ன நடக்குதுன்னா காலைல போட்ட கீசர மதியம் வரைக்கும் ஆஃப் பண்ண மறந்துடுறாங்க, தெர்மோஸ்டாட் இருக்குறதால வெடிக்கப் போறதில்ல, ஆனா தண்ணி ஆற ஆற திரும்பத் திரும்ப சூடு பண்ணிக்கிட்டே இருக்கும். அந்த வீண் செலவு நம்ம ஊர் பில்லுல ரொம்ப உறைக்கும், ஏன்னா தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில்லு, 500 யூனிட்ட தாண்டிட்டீங்கன்னா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது, கீழ் ஸ்லாப்ல குறைஞ்ச ரேட்ல வந்துக்கிட்டு இருந்த யூனிட்டும் கூடுதல் ரேட்டுக்கு மாறிடும். 500க்கு பக்கத்துல நிக்கிற வீட்டுக்கு பத்து யூனிட் மிச்சமானாலே பில்லுல நல்லாத் தெரியும்.

கீசர்ல கவனிக்க வேண்டிய இன்னொன்னு, நம்ம வீடுங்கள்ல பல பாத்ரூம்ல கீசருக்கு சாக்கெட்டே இருக்காது, இண்டிகேட்டர் லைட்டோட ஒரு பெரிய டிபி சுவிட்ச்ல நேரா வயர் போட்டிருப்பாங்க. அந்த டிபி சுவிட்ச் பேஸ் (கரண்ட் வர்ற வயர்), நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) ரெண்டையும் சேத்து கட் பண்ணும், அது நல்ல ஏற்பாடு, அதப் பிடுங்கிட்டு சாக்கெட் வச்சு ஸ்மார்ட் பிளக் மாட்ட வேண்டாம். டிபி சுவிட்ச் அப்படியே இருக்கட்டும், அதுக்கு அப்புறம் 16 அல்லது 20 ஆம்ப் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்யூல் போட்டுக்கலாம், கீசருக்குன்னே விக்கிற மாடல்லாம் இருக்கு, எலக்ட்ரீஷியன் வேலைதான். சாக்கெட் இருக்குற வீட்லயும் பாருங்க, தண்ணி தெறிக்கிற இடத்துல, ஷவருக்கு கைக்கெட்டுற தூரத்துல இருந்தா பிளக் வேண்டாம்.

ஸ்மார்ட் பிளக்ல ஆஃப் பண்ணிட்டா கீசர்ல கரண்ட் இல்லன்னு நினைக்கிறது ஆபத்தான நினைப்பு. பெரும்பாலான பிளக்ல ரிலே ஒரு லைன மட்டும்தான் கட் பண்ணும். போர்டுல பேஸும் நியூட்ரலும் மாறி இருந்தா, பழைய வீடுங்கள்ல இது சர்வ சாதாரணம், ரிலே நியூட்ரல கட் பண்ணிட்டு உக்காந்திருக்கும், ஹீட்டர்ல பேஸ் அப்படியே இருக்கும். எர்த் துளை மேல இருக்குற மாதிரி நேரா நின்னு பாத்தா வலது பக்க துளைல டெஸ்டர் எரியணும், இடது பக்கம் எரிஞ்சா எலக்ட்ரீஷியன கூப்ட்டு மாத்த சொல்லுங்க, அவர் வரும்போதே எர்த்து சரியா இருக்கா, மெயின்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச்) இருக்கான்னும் பாக்கச் சொல்லிடுங்க. அப்பா அம்மா தனியா இருக்குற வீட்டுக்கு எந்த ஸ்மார்ட் பொருளுக்கும் முன்னாடி வாங்க வேண்டியது அந்த ஆர்சிசிபி தான், இத நான் அழுத்தியே சொல்றேன்.

சாக்கெட்டோட நிலைமையும் இதே மாதிரி முக்கியம். 13 ஆம்ப் ஓடுற இடத்துல பின்னு லூசா இருந்து ஒரே ஒரு 0.1 ஓம் எதிர்ப்பு இருந்தாலும் அந்த ஒரு புள்ளில மட்டும் 17 வாட் சூடு உருவாகும், சின்ன சோல்டரிங் அயர்ன் முனைய பிளாஸ்டிக்குக்குள்ள வச்ச மாதிரி. அதே லூஸ் சாக்கெட்ல ஒரு எல்இடி பல்பு மாட்டுனா ஒன்னுமே ஆகாது. அதனாலதான் லைட்டுக்கு ரொம்ப நாளா ஓடுன சாக்கெட் கீசருக்கோ ஸ்கூட்டருக்கோ மாட்டுன ஒரே மாசத்துல கருகுது, பழி பிளக் மேல விழுது. மாட்டி அரை மணி நேரம் ஓடுனதும் பிளக்கோட பிளாஸ்டிக் மேல புறங்கைய வச்சுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா பரவாயில்ல, கைய வைக்க முடியாம சுட்டா உடனே நிறுத்துங்க. பிளாஸ்டிக் பழுப்பாகுறது, வயர் கருகுற வாடை, அழுத்திப் பிடிச்சா எரிஞ்சு விட்டா அணையுறது, இதுல எது வந்தாலும் சாக்கெட்ட மாத்தணும்.

ஸ்கூட்டருக்கும் இதுதான் கதை. சார்ஜர் 700, 800 வாட் தான் இருக்கும், ஆம்ப் கணக்குல மூணரைதான், ஆனா நாலஞ்சு மணி நேரம் விடாம ஓடும். 16 ஆம்ப் பிளக், நல்ல 16 ஆம்ப் சாக்கெட், தனி எம்சிபி (கரண்ட் அதிகமா போனா தானா விழுற சுவிட்ச்). எனர்ஜி மானிட்டரிங் இருக்குற பிளக்கா இருந்தா ஒரு சார்ஜுக்கு எத்தன யூனிட் போகுதுன்னு நேரா தெரியும், கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவாகுதுன்னு கணக்கு போட்டுக்கலாம். ஆனா மாடில மழை படுற இடம்னா பிளக் வேண்டாம், கடைல விக்கிற ஸ்மார்ட் பிளக் கிட்டத்தட்ட எல்லாமே வீட்டுக்குள்ள வைக்கத்தான். பூட்டு போட்ட மழை படாத பெட்டிக்குள்ள சாக்கெட் இருந்தா சரி.

இப்ப கரண்ட் போய் வர்ற விஷயம், நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமானது, ஆனா வாங்கும்போது ஒருத்தரும் இதக் கேக்குறதில்ல. கரண்ட் போய் திரும்பி வந்ததும் பிளக் மூணு விதமா நடந்துக்கலாம், ஆஃப்லயே இருக்கலாம், ஆன் ஆகலாம், போறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே வரலாம். நல்ல பிளக்ல ஆப்புக்குள்ள இத மாத்துற செட்டிங் இருக்கும், பல கம்பெனிங்க பொதுவா பயன்படுத்துற துயா ஆப் வழியா ஓடுற பிளக்ல ரிலே ஸ்டேட்டஸ்ன்னு ஒரு மெனு வரும். கீசருக்கு கட்டாயம் ஆஃப்னு வைங்க. காலைல 5.10க்கு கரண்ட் போச்சு, அப்பா பச்சத் தண்ணிலயே குளிச்சிட்டு எட்டு மணிக்கு ரெண்டு பேரும் ஊருக்கு கிளம்பிட்டாங்க, பத்து மணிக்கு கரண்ட் வருது, முன்ன இருந்த நிலைக்கே போற பிளக்கா இருந்தா கீசர் ஆன் ஆகி ஆள் இல்லாத வீட்ல நாள் முழுக்க கிடக்கும். ஃபிரிட்ஜ், மீன் தொட்டி மோட்டார், ரௌட்டர் இதுக்கெல்லாம் நேர் எதிர், ஆன் தான் சரி. இந்த செட்டிங் இல்லாத பிளக்க எவ்வளவு மலிவா குடுத்தாலும் கீசருக்கு வாங்காதீங்க.

இதோட சேந்தது டைம். பிளக்குக்குள்ள கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, கரண்ட் போனா நேரம் மறந்துடும், திரும்ப வந்ததும் இன்டர்நெட்ல போய்த்தான் மணி என்னன்னு கேட்டுக்கும். கரண்ட் வந்து நெட் வரலன்னா அதுக்கு மணி தெரியாது, ஷெட்யூல் வேலை செய்யாது. 5.40க்கு ஆஃப் ஆக வேண்டியது ஆகாமப் போகலாம். இதுக்கு ரெண்டு ஏற்பாடு, ஒன்னு ரௌட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க, இன்வெர்ட்டர் இல்லன்னா ரௌட்டருக்குன்னே 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் விக்குது, அது போதும். ரெண்டு, சில ஆப்ல ஆன் ஆனதுல இருந்து இத்தன நிமிஷத்துல தானா ஆஃப் ஆகணும்னு வைக்கலாம், அது பிளக்குக்குள்ளயே ஓடும்படி இருந்தா மணி தெரியாட்டியும் எண்ணிக்கிட்டே இருந்து அணைச்சிடும். கீசருக்கு ஷெட்யூலும் வைங்க, இந்த ஆட்டோ ஆஃப் நாப்பது நிமிஷமும் வைங்க. ஒன்னு தவறுனா இன்னொன்னு பிடிச்சுக்கும்.

தூரத்துல இருந்து ஆன் பண்றது பத்தி எனக்கு ஒரு கறாரான கருத்து உண்டு. பக்கத்துல ஆள் இல்லாம எரிஞ்சா ஆபத்தான பொருள ரிமோட்ல ஆன் பண்ணவே கூடாது, ஆஃப் மட்டும்தான். அயர்ன் பாக்ஸ், பக்கெட்ல போடுற வாட்டர் ஹீட்டர் ராடு, இண்டக்ஷன் அடுப்பு, ரூம் ஹீட்டர், மிக்ஸி, கிரைண்டர். ராடு தண்ணி இல்லாம ஒரு நிமிஷம் எரிஞ்சாலே உருகும், பக்கெட் பிளாஸ்டிக் பத்திக்கும், அதுக்கு எந்த ஸ்மார்ட் பிளக்கும் தீர்வு இல்ல, அந்த ராட வீட்ட விட்டே அனுப்புறதுதான் தீர்வு. அயர்ன் பாக்ஸுக்கு மட்டும் ஒரு நல்ல பயன் இருக்கு, அம்மா அயர்ன் பண்ணிட்டு ஆஃப் பண்ணாங்களான்னு சந்தேகம் வந்தா ஃபோன்ல பாத்து அணைச்சிடலாம், அரை மணி நேர ஆட்டோ ஆஃப் வச்சா அந்த சந்தேகமே வராது. ஆன் பண்றது எப்பவும் பக்கத்துல நிக்கிறவங்க பட்டன அழுத்தித்தான்.

ஏசிக்கு பிளக் வேண்டாம். ஓடுற ஏசிய சாக்கெட்ல கட் பண்ணா கம்ப்ரசருக்கு நல்லதில்ல, திரும்ப கரண்ட் குடுத்தாலும் பல ஏசி ரிமோட்ல ஆன் பண்ணாத்தான் ஓடும். ரிமோட்டோட வேலைய செய்ற ஐஆர் பிளாஸ்டர்னு ஒரு குட்டி உருண்டை விக்குது, ஏசி, டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாத்துக்கும் ஒன்னு போதும்.

செட்டாப் பாக்ஸ் கேட்டிருந்தார். ரிமோட்ல ஆஃப் பண்ணாலும் பல பாக்ஸ் பத்து வாட் பக்கம் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். 10 வாட்னா 24 மணி நேரம், 60 நாள், மொத்தம் 14 யூனிட்டுக்கு மேல. ராத்திரி 11ல இருந்து காலை 5.30 வரைக்கும் கட் பண்ணா அதுல நாலு யூனிட் பக்கம் மிச்சம். ஆனா ஸ்மார்ட் பிளக்கும் தன் பங்குக்கு ஒரு வாட் பக்கம் சாப்பிடும், ரெண்டு மாசத்துக்கு ஒன்னரை யூனிட், ஆக கைல நிக்கிறது ரெண்டரை யூனிட்தான். புது டிவிக்கு ஸ்டாண்ட்பை அரை வாட்டு கூட வராது, ஃபோன் சார்ஜர் சும்மா மாட்டி இருந்தா அதவிட கம்மி, அதுக்கெல்லாம் பிளக் போட்டா மிச்சப்படுத்துறத விட பிளக்கே கூட சாப்பிடும். செட்டாப் பாக்ஸுக்கு போர்டு சுவிட்ச அணைக்கிற பழக்கமே போதும்.

அப்ப எனர்ஜி மானிட்டரிங் வீணான்னா இல்ல, ஆனா அத ஒரே இடத்துல ஒட்டி வைக்காம வீடு முழுக்க சுத்த விடுங்க. ஒரு வாரம் ஃபிரிட்ஜ்ல, ஒரு வாரம் வாஷிங் மெஷின்ல, ஒரு வாரம் கம்ப்யூட்டர்ல. நல்ல நிலைமைல இருக்குற 250 லிட்டர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் பக்கம் எடுக்கும், ரெண்டு யூனிட் காட்டுச்சுன்னா கதவு ரப்பர் போயிருக்கலாம், பின்னாடி காயில்ல தூசி அடைச்சிருக்கலாம், கேஸ் கம்மியா இருக்கலாம். இந்த பிளக்குங்க பலதுல வோல்டேஜும் காட்டும், கோடைல சாயங்காலம் உங்க தெருவுல 180க்கு இறங்குதுன்னா தேதி நேரத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து இபி ஆபீஸ்ல குடுத்தா வெறும் வாய்ச்சொல்லா போகாது. ஃபிரிட்ஜ அளந்து முடிச்சதும் பிளக்க கழட்டிடுங்க, யாராச்சும் ஆப்ல தெரியாம அணைச்சா பால் மாவு எல்லாம் போயிடும்.

வாசல் லைட்டுக்கு கண்ண மூடிக்கிட்டு போடலாம், 10 ஆம்ப்பே ரொம்ப அதிகம். மணி வைக்காம சூரியன் மறையும்போதுன்னு வைங்க, மதுரைல நவம்பர்ல ஆறு மணிக்கு முன்னாடியே இருட்டிடும், ஜூன் ஜூலைல 6.40 ஆகும், ஆப்ல ஊர் பேர மட்டும் சரியா குடுத்தா அதுவே மாத்திக்கும். கொசு லிக்விட் மெஷின், மீன் தொட்டி லைட், கொலுவுக்கு போடுற சீரியல் செட், கிறிஸ்துமஸ் ஸ்டாரு, எல்லாத்துக்கும் இதே பிளக் போதும். பெரியவங்க ராத்திரி பாத்ரூம் போற வழில ஒரு சின்ன விளக்கு, பத்துக்கு எரிஞ்சு அஞ்சரைக்கு அணையுற மாதிரி வச்சுக் குடுங்க, இந்த மொத்த செலவுல அவங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கப் போறது அதுதான். ஆனா வாசல் லைட் சீலிங்லயோ சுவர்லயோ வயரிங்ல போட்டதா இருந்தா அதுக்கு சாக்கெட் கிடையாது, பிளக் ஆகாது, ஸ்மார்ட் பல்போ போர்டுக்குள்ள போடுற மாட்யூலோ தான், அந்த மாட்யூலுக்கு போர்டுல நியூட்ரல் வயர் வேணும், சாக்கெட் இருக்குற போர்டுல நியூட்ரல் கட்டாயம் இருக்கும், வெறும் சுவிட்ச் மட்டும் இருக்குற போர்டுல இல்லாமலும் இருக்கலாம்.

ரௌட்டருக்கே பிளக் மாட்டி ஹேங் ஆனா ரீஸ்டார்ட் பண்ணலாம்னு நினைக்கிறவங்களுக்கு: நீங்க ஆஃப் பண்ண அந்த நிமிஷமே பிளக்குக்கு நெட் போயிடும், திரும்ப ஆன் சொன்னா அதுக்கு கேக்காது, வீட்ல ஒருத்தர் போய் பட்டன அழுத்துற வரைக்கும் நெட் இல்ல. பிளக்குக்குள்ளயே எண்ணி திரும்ப ஆன் ஆகுற வசதி இருந்தா மட்டும் பண்ணுங்க.

மாட்டும்போது வர்ற பிரச்சனைல பத்துல ஒம்போது வைஃபைல தான். இந்த பிளக்குங்க கிட்டத்தட்ட எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் பேசும், இப்ப வர்ற ஃபைபர் ரௌட்டர்ல 2.4ம் 5ம் ஒரே பேர்ல கலந்து இருக்கும், பல நேரம் சேந்துடும், சேரலன்னா ரௌட்டர் செட்டிங்ல ரெண்டையும் தனித்தனி பேரா பிரிச்சு, ஃபோன 2.4ல போட்டு, பிளக்க அதுல சேருங்க. பாஸ்வேர்டு வகை டபிள்யூபிஏ 3 மட்டும்னு இருந்தா 2க்கு மாத்துங்க. ஃபோன்ல லொக்கேஷன் பர்மிஷன் கேட்டா குடுங்க, இல்லன்னா ஆப் பிளக்க கண்டுபிடிக்காது. நாளைக்கு நெட் கம்பெனிய மாத்துனா புது ரௌட்டர்லயும் பழைய வைஃபை பேரு, பழைய பாஸ்வேர்டு, ஒரு எழுத்து மாறாம அப்படியே வைங்க, எல்லா பிளக்கும் தானா ஒட்டிக்கும், இல்லன்னா லீவு போட்டு மதுரை போய் ஒவ்வொன்னா சேக்கணும். இலவசமா வர்ற சின்ன ரௌட்டர்ல இருபது பொருளுக்கு மேல சேந்தா திணற ஆரம்பிக்கும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

கம்பெனின்னு பாத்தா விப்ரோ, டிபி லிங்க்கோட டாப்போ, ஹீரோ குழுமத்தோட க்யூபோ, பிலிப்ஸ் விஸ், இதெல்லாம் இங்க சுலபமா கிடைக்கும், சுமாரா 700 ரூபால ஆரம்பிச்சு 1500க்குள்ள வந்துடும். பேர் தெரியாத கம்பெனி 16 ஆம்ப்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்தா வேண்டாம், ஆப் பலதுக்கும் ஒன்னாவே இருக்கும், உள்ள இருக்குற ரிலேவும் பின்னும் தான் வேற வேற. பிஐஎஸ் முத்திரை இருக்கா, ஓவர்லோடு ஆனா தானா கட் ஆகுமான்னு பாருங்க. அமெரிக்கால இருந்து வர்ற சொந்தக்காரங்க அன்பா வாங்கிட்டு வர்ற பிளக்க மட்டும் மாட்டிடாதீங்க, அந்த ஊர் பிளக் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது, நம்ம 230ல கன்வெர்ட்டர் போட்டு மாட்டுனா போச்சு. சைஸும் பாருங்க, நம்ம போர்டுல சாக்கெட்டும் சுவிட்சும் ஒட்டி ஒட்டி இருக்கும், குண்டு பிளக் பக்கத்து சுவிட்ச மறைச்சிடும்.

சர்வர் விஷயத்தையும் யோசிச்சு வாங்குங்க. இந்த பிளக்குல பலதும் கம்பெனியோட சர்வர நம்பித்தான் ஓடுது. அமெரிக்கால இன்ஸ்டியான்னு ஒரு கம்பெனி 2022 ஏப்ரல்ல சொல்லாமக் கொள்ளாம சர்வர நிறுத்துச்சு, பெல்கினோட வீமோ பிளக்குங்க பலதுக்கும் 2026 ஜனவரியோட ஆப் சப்போர்ட் முடிவுன்னு அறிவிச்சாங்க. பிளக் நல்லா இருக்கும், ஆனா வீட்டுக்கு வெளிய இருந்து தொட முடியாது. 2022 அக்டோபர்ல வந்த மேட்டர் ஸ்டாண்டர்டு முத்திரை இருக்குற பிளக் வீட்டு நெட்டுக்குள்ளயே எந்த கம்பெனி ஹப்போடயும் பேசும், கொஞ்சம் காசு கூட இருந்தாலும் அத எடுக்குறது நல்லது. ஹோம் அசிஸ்டன்ட்னு வீட்டுக்குள்ளயே ஒரு கம்ப்யூட்டர்ல ஓடுற இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத வச்சு ஓட்ட ஆர்வம் இருந்தா இன்னும் நல்லது, எல்லாம் வீட்டுக்குள்ளயே இருக்கும், ஆனா பெங்களூர்ல இருந்துக்கிட்டு மதுரைல ஒரு குட்டி சர்வர பராமரிக்கணும், அதுக்கு நேரம் இருக்கான்னு யோசிச்சுக்கோங்க. எதுவா இருந்தாலும் ஆப் அக்கவுண்ட் பாஸ்வேர்டு வேற எங்கயும் போடாததா இருக்கட்டும், ரௌட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க் இருந்தா பிளக்க எல்லாம் அதுல தள்ளிடுங்க.

கடைசியா அப்பா அம்மா. போர்டு சுவிட்ச அணைக்கிறது அவங்களோட நாப்பது அம்பது வருஷப் பழக்கம், நல்ல பழக்கமும் கூட, அத அணைச்சா பிளக் ஆஃப்லைன் ஆயிடும், உடனே ஃபோன் பண்ணி கோபப்படாதீங்க. பிளக்லயே இருக்குற பட்டன காட்டிக் குடுங்க, ஃபோனும் நெட்டும் இல்லாட்டியும் அந்த பட்டன் வேலை செய்யும், அது மட்டும் அவங்களுக்கு தெரிஞ்சா போதும். நீங்க அங்க இருந்து ஆன் ஆஃப் பண்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, திடீர்னு லைட் அணைஞ்சா பயந்துடுவாங்க. ஆப்ப அவங்க ஃபோன்லயும் ஷேர் பண்ணி வைங்க, அலெக்ஸா வைக்கிறதா இருந்தா ஒவ்வொன்னுக்கும் வேற வேற மாதிரி ஒலிக்கிற சின்ன பேரா வைங்க, ஹால் லைட் ஒன்னு, ஹால் லைட் ரெண்டுன்னு வச்சா ரெண்டும் குழம்பும்.

மொத்தமா அஞ்சாறு வாங்காம கீசருக்கு 16 ஆம்ப் மானிட்டரிங்கோட ஒன்னு, ராத்திரி விளக்குக்கு 10 ஆம்ப் ஒன்னு, இந்த ரெண்ட மட்டும் வாங்குங்க. ஊருக்கு போயிருக்கும்போது முதல்ல ரெண்டுலயும் ஒரு டேபிள் லேம்ப மாட்டுங்க, ஆன் பண்ணிட்டு மெயின் சுவிட்ச அணைச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு போட்டுப் பாருங்க, அப்புறம் ரௌட்டர மட்டும் அணைச்சுட்டு ஷெட்யூல் நேரத்துல என்ன பண்ணுதுன்னு பாருங்க, அப்புறம் ரெண்டையும் சேத்து அணைச்சு பாருங்க. மூணுலயும் நீங்க நினைச்ச மாதிரி நடந்துக்கிட்டா பெருசுல கீசர மாட்டுங்க, இல்லன்னா ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள திருப்பி அனுப்பிட்டு வேற மாடல் வாங்குங்க.